தாத்தா என்றால் யார்?

கண்டிச் சீமைக் கதை – 17

கண்டி மத்திய சந்தையில், மரக்கறிக் கடைகளுக்கு நடுவே, ஒரு பிள்ளை "தாத்தா" என்று கூப்பிடுகிறது. ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த தமிழ்ப் பிள்ளை என்றால் அது தேடுவது பாட்டனாரை. அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளை என்றால் மூத்த சகோதரியை. கட்டுகஸ்தோட்டைச் சிங்களப் பிள்ளை என்றால் தகப்பனை. ஒலி ஒன்று, உறவு மூன்று. இதில் இன்னொன்றும் உண்டு. முதல் இரண்டு பிள்ளைகளும் பேசுவது தமிழ்தான். ஒரே மொழிக்குள் பாட்டன் அக்காவாகிவிட்டார்.

இந்தச் சின்னச் சொல்லுக்குள் கண்டிச் சீமையின் ஐந்நூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது. அரண்மனை, படை, கோப்பித் தோட்டம், பள்ளிவாசல், பல்கலைக்கழகம் எல்லாம் இந்த மலைநாட்டுக்குள் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. வந்தவர்கள் மொழியோடு வந்தார்கள். அந்த மொழிகள் எவை, எங்கெங்கே குடியிருக்கின்றன, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதே இந்த வாரக் கதை.

சென்ற வாரம் 1815 மார்ச் 2ஆம் நாளில், மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபத்தில் நிறுத்தியிருந்தோம். கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைத்த உடன்படிக்கை அன்று அங்கே வாசிக்கப்பட்டது. அந்தப் பத்திரத்தில் சிங்களப் பிரதானிகள் சிலருடைய கையெழுத்தில் தமிழ் எழுத்துக் கலந்திருக்கிறது. வெகுகாலமாக இதைச் சுற்றி வாதம் நடக்கிறது. கையெழுத்திட்டவர் தமிழரா, சிங்களவரா என்று கேட்டுக் கேட்டே அந்த வாதம் வளர்ந்தது. அன்றைய கண்டியைத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது. அது எழுத்தும் ஆளும் ஒன்றாக இராத காலம்.

அரண்மனையைப் பாருங்கள். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்ததும், பட்டத்து அரசியின் உடன்பிறந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அவருக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாகக் கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நால்வரும் மதுரை நாயக்கர் உறவினர். குலவழியில் தெலுங்கர். வளர்ந்தது தமிழ் மண்ணில். ஆட்சி செய்தது சிங்களத்தில். பௌத்தச் சடங்குக்குப் பாளி. இவர்களில் கீர்த்தி ஸ்ரீயின் காலத்தில்தான், 1753இல், சயாம் நாட்டிலிருந்து உபாலி தேரர் வந்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற துறவுச் சடங்கை மீட்டுக் கொடுத்தார். தெலுங்கு வழியில் வந்த ஒரு மன்னன், தமிழ் தெரிந்த அரசவை, சிங்களக் குடிகள், சயாமியத் துறவிகள். அன்று இதை யாரும் புதுமையாகப் பார்க்கவில்லை. மன்னரின் உறவினர் குடியிருந்த தெரு மலபார் வீதி என்ற பெயரோடு இன்றும் நகரத்தில் இருக்கிறது. தமிழரை ஐரோப்பியர் அன்று மலபாரிகள் என்றே எழுதினார்கள்.

இனி, மொழிகளுக்குக் குலம் பார்க்கும் வேலை எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே தாயின் பிள்ளைகள் என்றார். 1816இல் சென்னையில் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தைச் சேராத தனிக்குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதை நிலைநாட்டியது. சிங்களம் எந்தப் பக்கம் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. ஜேம்ஸ் அல்விஸ் போன்ற இலங்கை அறிஞர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். 1895இல் இலங்கைக்கு வந்த ஜெர்மானியர் வில்ஹெல்ம் கைகர் வாழ்நாள் முழுவதும் உழைத்து, சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி என்பதைச் சொல் சொல்லாக எடுத்துக் காட்டினார்.

எப்படிக் காட்டுகிறார்கள்? எண்களைக் கேளுங்கள். சிங்களத்தில் எக, தெக, துன, ஹதர, பஹ. ஐந்துக்குச் சமஸ்கிருதத்தில் பஞ்ச, சிங்களத்தில் பஹ. ஏழுக்கு அங்கே சப்த, இங்கே ஹத. சூரியனுக்கு இங்கே ஹிரு. சகரம் இருந்த இடத்தில் ஹகரம் வந்து நிற்கிறது, அதுவும் ஒரு சொல்லில் இல்லை, சொல்லுக்குப் பின் சொல்லாக. இப்படி ஒழுங்காக நடக்கும் மாற்றம்தான் உறவுக்குச் சாட்சி. ஒற்றைச் சொல் ஒத்துப்போவது சாட்சியாகாது. கண்டி மலாய்க்காரர் வீட்டில் இரண்டுக்கு 'துவா' என்பார்கள். சமஸ்கிருத 'த்வி'யோடு எவ்வளவு நெருக்கம்! ஆனாலும் அது தற்செயல். மலாய், பசிபிக் தீவுகள் வரை பரந்த ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் பிள்ளை. அதன் 'துவா' அந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்து.

ஆக, கண்டி நகரத்துக்குள்ளேயே வெவ்வேறு குலங்கள் கூடி நிற்கின்றன. சிங்களம் இந்தோ-ஆரியம், தமிழ் திராவிடம், மலாய் ஆஸ்திரோனேசியம், பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் இருக்கும் ஆங்கிலம் ஜெர்மானியம். எந்தக் குலத்திலும் அடங்காத மிச்சம் ஒன்றும் உண்டு. கண்டியிலிருந்து கிழக்கே, பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனைக்குப் போனால், தம்பானைப் பக்கம் வேடர் வாழ்கிறார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி மன்னரின் நாட்டில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், தம் நூலில் அவர்கள் சிங்களம் பேசுவதாகவே எழுதினார். செலிக்மன் தம்பதியர் 1911இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார்கள். 1972இல் சுகதபால டி சில்வா அவர்களுடைய மொழியைத் தனியாக ஆராய்ந்தார். இன்று கிடைக்கும் வேடர் மொழி, சிங்களத்தோடு கலந்து புதிதாய் உருவான மொழி. அதற்கு அடியில் இருந்த பழைய மொழி எது என்பதற்கு விடை இல்லை. தலைக்கு 'ஒளுவ', காலுக்கு 'ககுல' என்று சிங்களவர் நாள்தோறும் சொல்லும் சொற்களுக்குச் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் வேர் அகப்படவில்லை. அவை அந்த மறைந்துபோன மொழியின் எச்சமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பேசியவர்கள் போன பின்பும் அவர்களுடைய சொற்கள் அடுத்தவர் வாயில் உயிரோடு இருக்கின்றன.

குலத்தைப் பார்த்தோம். இனிக் குடியிருப்பைப் பார்ப்போம். 2012 கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். நூற்றுக்குப் பதினான்கு பேர் முஸ்லிம்கள். மலையகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் சேர்ந்து நூற்றுக்குப் பதினொரு பேர். அதாவது இந்த மாவட்டத்தில் தமிழ் ஒலிக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் முஸ்லிம் வீடுகளாக இருக்கும். தமிழ் என்றவுடன் கோயில் கோபுரத்தை மட்டும் நினைப்பவர் கண்டிச் சீமையின் தமிழில் பாதியைக் காணத் தவறுவார்.

அந்தப் பாதி அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கெலிஓயா என்று ஊர் ஊராகச் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே பரந்திருக்கிறது. உம்மா, வாப்பா, நானா, தாத்தா என்று உறவுமுறை. 'இருக்கிறது' அங்கே 'ஈக்கிது' என்று சுருங்கும். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் அவர்களுடைய பழைய கல்விச் செல்வம். 1838இல் கண்டியில் பிறந்த சித்திலெப்பை என்ற வழக்கறிஞர், 1882இல் இதே நகரத்திலிருந்து 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை' தமிழின் முதல் நாவல்களில் ஒன்று, இலங்கையர் எழுதிய முதல் தமிழ் நாவலாகவும் பலரால் கொள்ளப்படுவது. பிறகு கல்ஹின்னையின் எஸ். எம். ஹனிபா, 'தமிழ் மன்றம்' என்ற பெயரில் பதிப்பகம் நடத்தி, எத்தனையோ எழுத்தாளரை அச்சேற்றினார். நாற்புறமும் சிங்களம் சூழ்ந்த ஒரு மலைக்கிராமத்துப் பெயரோடு தமிழ் நூல்கள் வெளிவந்தன. தமிழ் வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும்.

அடுத்தது தோட்டங்களின் தமிழ். 1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். அந்த ஆண்டே கண்டிக்கு ரயிலும் வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் என்று பல சீமைகளின் மக்கள், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர் தொகை பெரிது. வந்து சேர்ந்தவர்கள் ஊர் ஊராகப் பேசிய வெவ்வேறு வழக்குகள் லயத்துக் காம்பராக்களில் அடுத்தடுத்துக் கிடந்து உருகி ஒன்றாயின. அருந்ததியர் போன்றோர் வீட்டில் பேசிய தெலுங்கும் அந்த உலையில் சேர்ந்தது.

அந்தத் தமிழின் சொற்களைப் பாருங்கள். வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடம் பிரட்டுக்களம். அணிவகுப்புக்கான ஆங்கிலச் சொல்தான் பிரட்டு ஆயிற்று. வரிசை வீடு லயம். அறை காம்பரா, அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது. தண்ணீர் எடுக்கும் இடம் பீலிக்கரை. கொழுந்து எடுக்கும் நிலத்துக்கு வயல் என்றோ காடு என்றோ பெயரில்லை. அது 'மலை', அதற்கு ஒரு நம்பர். கடனும் ஆளும் சேர்ந்து கைமாறிய காலத்தில் அதற்கான சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு மக்கள் கூட்டம் பட்ட பாட்டை இந்த அகராதியிலிருந்தே எழுதிவிடலாம். 1854இல் கண்டியில் தோட்டக்காரர் சங்கம் அமைத்துக்கொண்ட துரைமாருக்கும் தமிழ் தேவைப்பட்டது. சின்னத் துரைமாருக்கென்று பெர்குசன் எழுதிய தமிழ்க் கைந்நூலின் பெயர் 'இங்கே வா'. அவர்களுக்கு வேண்டியிருந்த தமிழ் எத்தகையது என்பதை அந்த ஏவல் வினையே சொல்லிவிடுகிறது. அதே மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி, அவர்களுக்கு வேறு தமிழும் உண்டு என்று உலகறியச் செய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை.

நகரத்தில் மூன்றாவது தமிழ் ஒன்றும் உண்டு. ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வந்த யாழ்ப்பாணத்தார் தமிழ் அது. மலையகத்தார் பேசுவார்கள், இவர்கள் கதைப்பார்கள். இதற்கும் அதற்கும் நடுவில் உள்ளதைச் சுட்ட 'உது' என்ற சொல்லை இவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இலக்கணப் புத்தகத்துக்குள் போய்விட்ட உகரச்சுட்டு இங்கே வீட்டுப் பேச்சில் நடமாடுகிறது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது, தமிழ்ப் பேராசிரியர் கணபதிப்பிள்ளை அந்தப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதியவராக வந்தார். பின்னாளில் அதே துறையில் எம். ஏ. நுஃமான் தமிழ் மொழியியலை வளர்த்தார். பேச்சுவழக்கு படிப்புக்கு உரியது என்ற மதிப்பு இந்த மகாவலிக் கரையில் அழுத்தமாக வேரூன்றியது.

மலாய்க்காரர் கதையைச் சற்று நின்று கேட்கவேண்டும். ஒல்லாந்தக் கம்பெனி 1658க்குப் பிறகு, சாவகத்திலிருந்தும் அம்போன் போன்ற தீவுகளிலிருந்தும் படைவீரரையும் நாடு கடத்தப்பட்டவரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தது. பிறகு அவர்கள் பிரித்தானியர் படையில் சேர்ந்தார்கள். கண்டி மன்னரின் படையிலும் மலாய்ப் பிரிவு இருந்தது. 1803இல் கண்டியில் சிக்கிக்கொண்ட பிரித்தானியக் காவற்படை அழிந்தபோது, மன்னரிடம் சேவகம் செய்ய மறுத்து உயிர்விட்டவர் நூருதீன் என்ற மலாய்க் கப்டன். அவரைப் பிடித்த படையிலும் மலாய்க்காரர் இருந்தார்கள். 1873இல் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டதும், அவர்கள் பொலிசிலும் வேறு உத்தியோகங்களிலும் சேர்ந்து ஊர் ஊராகப் பரவினார்கள். இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 பேர். கொழும்பில் ஒரு வழக்கு, தெற்கே ஹம்பாந்தோட்டை, கிரிந்தைப் பக்கம் ஒரு வழக்கு, கண்டியும் அதைச் சுற்றிய மலையூர்களும் பேசும் மலைநாட்டு வழக்கு ஒன்று. இந்த மலைநாட்டு மலாய்க்கு செபஸ்தியான் நோர்தோஃப் என்ற அறிஞர் 2009இல் முழு இலக்கணம் எழுதினார்.

அந்த இலக்கணத்தைப் படிக்கும் தமிழருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மலேசியாவில் 'வீட்டுக்கு' என்பதற்கு 'கெ ரூமா' என்பார்கள். 'கு' முன்னால், வீடு பின்னால். கண்டி மலாயில் 'ரூமாநங்'. வீடு முன்னால், உருபு பின்னால், நம்மைப்போலவே. நான்காம் வேற்றுமைக்கு 'நங்', இரண்டாம் வேற்றுமைக்கு 'யங்', ஐந்தாம் வேற்றுமைக்கு 'தெரிங்', ஆறாம் வேற்றுமைக்கு 'பெ'. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. சொல் எல்லாம் மலாய். சொற்கள் உட்காரும் திண்ணை தமிழும் சிங்களமும் கட்டியது. அந்தக் கட்டுமானத்தில் முஸ்லிம் தமிழின் பங்கு எவ்வளவு, சிங்களத்தின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரே பள்ளிவாசலில் தொழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே தெருவில் பிள்ளை வளர்த்தவர்களின் மொழி வேறு எப்படி இருக்கும்?

இது கண்டிக்கு மட்டும் நேர்ந்ததா? ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக்குப் போவோம். அங்கே சதுப்பு நிலத்தில், ஓடைகளுக்கு நடுவே, இஜாவ் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது ஒரு மொழி என்று வெளியார் நினைத்தார்கள். கே வில்லியம்சன் என்ற அறிஞர் அந்நாட்டிலேயே தங்கி ஆராய்ந்து, அது ஒன்றுக்கொன்று உறவுடைய பல மொழிகளின் கூட்டம் என்று வகுத்துக் காட்டினார். கிழக்கே கலபாரி, நெம்பே. நடுவிலும் மேற்கிலும் இசோன். உள்நாட்டில் பிசெனி போன்றவை. அக்கம்பக்கத்து மொழிகளில் வினை வாக்கியத்தின் நடுவே நிற்க, இஜாவ் மொழிகளில் தமிழைப்போல் கடைசியில் நிற்கும். இப்படிப்பட்ட வேறுபாடுகளால், அக்கம்பக்கத்து மொழிகளின் பெரிய குடும்பத்தில் இவற்றுக்கு எந்த இடம் என்பது இன்றும் தீராத கேள்வி.

அந்தக் கலபாரி பேசிய மனிதர்களை, ஒல்லாந்தர் அடிமைகளாகக் கப்பலேற்றித் தென் அமெரிக்காவில் பெர்பீஸ் ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது கயானா நாடு. அங்கே ஒல்லாந்தச் சொற்களும் கலபாரிச் சொற்களும் பிணைந்து ஒரு புதுமொழி பிறந்தது. பன்மை உருபைக்கூட அந்த அடிமைகள் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். 1970களில் அறிஞர் ஒருவர் தேடிக் கண்டெடுத்தபோது, பேசுவதற்கு முதியவர் சிலரே மிஞ்சியிருந்தார்கள். இன்று யாரும் இல்லை. ஒல்லாந்தர் கப்பல்கள் மேற்கே கலபாரியரையும் கிழக்கே சாவகரையும் ஏற்றிப் போயின. இரண்டு கரையிலும், ஏற்றப்பட்டவர்கள் தங்கள் கையில் இருந்ததையும் பக்கத்து வீட்டில் கிடைத்ததையும் வைத்து மொழி சமைத்துக்கொண்டார்கள். பெர்பீசில் அது அணைந்துவிட்டது. கண்டியில் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகளோடு சிங்களமோ ஆங்கிலமோ பேசும் மலாய்ப் பெற்றோர் பெருகி வருகிறார்கள் என்பதைக் கவலையோடு சொல்லவேண்டியிருக்கிறது.

மொழிகளுக்கு இரண்டு விதச் சொந்தம் உண்டு என்பதே நான் சொல்ல வந்தது. ஒன்று பிறப்பால் வந்தது, மற்றது பக்கத்தில் வாழ்ந்ததால் வந்தது. குடும்ப மரம் வரையும் அறிஞர் முதலாவதைத் தேடுகிறார். அது உண்மையான அறிவு, அதை மதிக்கிறேன். இரண்டாவதும் அதே அளவு உண்மை. சிங்களவர் வீட்டில் 'அக்கா' என்று கூப்பிடுவது ஆரியக் குடும்பத்துச் சீதனமில்லை. தமிழோடு சேர்ந்து வாழ்ந்த வாழ்வின் கொடை. மேசை, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றைச் சிங்களவரும் தமிழரும் போர்த்துக்கேயரிடம் ஒன்றாகவே வாங்கினார்கள்.

அரசாங்கத்தின் கணக்கெடுப்புக்கு இந்த இரண்டாம் சொந்தம் தெரியாது. அது கட்டம் போடும். 1911இல் தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்தது. கட்டம் முதலில் தாளில் இருந்தது, பிறகு சட்டத்துக்குள் போனது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால், இரண்டாவது கட்டத்தில் இருந்த பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணிக்கை போட்டது. கண்டிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்கள், தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். பிரட்டும் லயமும் காம்பராவும் அவர்களோடு நீலகிரிக்குப் போயின. மொழியை வகைப்படுத்தலாம், அதனால் மொழிக்குச் சேதமில்லை. அதே கோட்டை மனிதர் மேல் இழுத்தால் குடும்பம் இரண்டாகப் பிளக்கும்.

முடிக்குமுன் ஒரு சின்ன விஷயம். சிங்களவர் பசித்தால் 'மட்ட படகினி' என்பார். எனக்கு வயிற்றில் தீ என்று பொருள். தமிழர் 'எனக்குப் பசிக்கிறது' என்பார். மலேசிய மலாய்க்காரர் 'நான்' என்று தொடங்கி, பசியைத் தன் குணம்போல் சொல்வார். கண்டி மலாய்க்காரரோ இப்படிப்பட்ட உணர்வுகளுக்கு 'எனக்கு' என்ற வேற்றுமையோடு தொடங்குவார். இந்த மலைகளில் பசி மனிதனுக்கு வெளியே இருந்து வருகிற ஒன்று, அது யாருக்கும் வரும். மூன்று குலத்து மொழிகளும் இதை ஒரே மாதிரிச் சொல்லக் கற்றுக்கொள்ள, பேசியவர்கள் எத்தனை காலம் ஒருவர் வாசலில் ஒருவர் நின்றிருக்கவேண்டும்!

அடுத்த வாரம், மன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்த அந்தப் பாதையில் நாமும் நடப்போம்.

(தொடரும்)